போர்க்கடலிலிருந்து பொதுவாழ்வுக்கு: அட்மிரல் இராம்தாஸின் இருவகைப் பணிகள்

முன்னுரை

இந்தியக் கடற்படையின் முன்னாள் தலைமைத் தளபதி அட்மிரல் இலட்சுமிநாராயண் இராம்தாஸ் 2024ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள், 90 வயது நிறைந்த நிலையில் காலமானார். 1971ஆம் ஆண்டுப் போரில் பாகிஸ்தானுக்கு எதிராகப் போர்க்கப்பல் ஒன்றைச் செலுத்தி வீர சக்கர விருது பெற்றவர் அவர். 2004ஆம் ஆண்டு அதே பாகிஸ்தானைச் சேர்ந்த ஒருவருடன் இணைந்து, இரு நாட்டு மக்களிடையே அமைதிக்காக உழைத்தமைக்காக ரமோன் மகசேசே விருதும் பெற்றார். இவ்விரு விருதுகளும் ஒரே மனிதருக்கு எவ்வாறு உரியவாயின என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய விரும்பும் வினாவாகும்.

இவ்வினாவுக்கு எளிய விடை ஒன்று உண்டு. பணியில் இருந்தபோது வீரராகவும், ஓய்வு பெற்றபின் மனமாற்றம் அடைந்து அமைதியாளராகவும் விளங்கினார் என்று கூறிவிடலாம். கலிங்கப் போருக்குப் பின் அசோகர் மனம் மாறிய கதையை வகுப்பறையில் பல்லாண்டுகளாகக் கற்பித்துப் பழகிய நமக்கு இவ்விடை இயல்பாகவே தோன்றும். ஆயினும் இராம்தாஸின் வாழ்க்கை அவ்வாறு அமையவில்லை. தாம் பங்கேற்ற போரை அவர் ஒருபோதும் மறுதலிக்கவில்லை. தம் பெயருக்குப் பின்னால் வீர சக்கர விருதைக் குறிக்கும் எழுத்துகளை இட்டே அணுவாயுத எதிர்ப்பு அறிக்கைகளிலும் கையொப்பமிட்டார். எனவே அவருடைய பிற்காலப் பொதுப்பணியை முற்காலப் படைப்பணியின் தொடர்ச்சியாகக் காண்பதே பொருந்தும் என்பது நம் கருத்து.

தமிழ் மரபில் வீரனைச் சிறப்பிக்கும் முறைகளை நோக்கினால் இக்கருத்து தெளிவுபெறும். தொல்காப்பியப் புறத்திணையியல் நடுகல் வழிபாட்டைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு நிலைகளாக வகுத்துக் கூறும். போரில் மாய்ந்தவனுக்குரிய சிறப்பு அது. போர்க்களத்திலிருந்து உயிருடன் மீண்டு, பின்னர் ஐம்பதாண்டுகள் வாழ்ந்த வீரனுக்கு எத்தகைய கல்லை நடுவது? அவ்வைம்பது ஆண்டுகளில் அவன் ஆற்றியவற்றையும் வீரத்தின் கணக்கில் சேர்க்கலாமா? திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரத்தில் இதற்கு ஒரு குறிப்புக் கிடைக்கின்றது. பகைவரை எதிர்த்து நிற்பது பேராண்மை என்றும், அப்பகைவருக்கு ஓர் இடுக்கண் நேர்ந்தவிடத்து உதவுவது அப்பேராண்மையின் கூர்மை என்றும் அங்குக் கூறப்படுகின்றது. ஊராண்மை என்னும் அச்சொல்லுக்கு உரை கண்ட பரிமேலழகர், படையிழந்து தனித்து நின்ற இலங்கை வேந்தனை மறுநாள் படையோடு வருமாறு கூறி விடுத்த அயோத்தி மன்னனை எடுத்துக்காட்டாகக் காட்டுவார். பகைவனிடம் காட்டும் இரக்கம் வீரத்துக்குப் புறம்பானதன்று. அதன் முனையே அதுதான் என்னும் இப்பார்வை இராம்தாஸைப் புரிந்துகொள்ளப் பெரிதும் உதவும்.

குடும்பமும் பயிற்சியும்

இராம்தாஸ் 1933ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் பம்பாயின் மாதுங்காவில் தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தென்னிந்தியர் பெருமளவில் குடியேறி வாழ்ந்த பகுதி மாதுங்கா என்பதை நம் வாசகர் அறிவர். இளமைக் கல்வியைத் தில்லியில் பெற்றார். முப்படைக்கும் பொதுவான பயிற்சி வழங்குவதற்காகத் தேராதூனில் 1949இல் தொடங்கப்பெற்ற கூட்டுப் பயிற்சிப் பிரிவில் சேர்ந்து, 1953இல் கடற்படை அதிகாரியாகப் பொறுப்பேற்றார். தகவல் தொடர்பே அவருடைய சிறப்புத் துறை. கடலில் உள்ள கப்பல்களுக்கும் கரையில் உள்ள தலைமையகத்துக்கும் இடையே செய்தி தடையின்றிச் செல்லச் செய்யும் துறை அது. பிற்காலத்தில் பேச்சு வார்த்தையற்றுப் போன இரு நாட்டு மக்களிடையே செய்தித் தொடர்பை ஏற்படுத்த முனைந்தவருக்கு இது பொருத்தமான பயிற்சிதான்.

அவர் மணந்த இலலிதா, அட்மிரல் இராம் தாஸ் கட்டாரியின் மகள் ஆவார். செங்கற்பட்டில் 1911இல் பிறந்த கட்டாரி, 1958ஆம் ஆண்டு ஏப்ரலில் இந்தியக் கடற்படையின் தலைமைப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் என்னும் பெருமைக்கு உரியவர். அதுவரை, அதாவது விடுதலை பெற்றுப் பத்தாண்டுகள் கடந்தபின்னும், அப்பொறுப்பில் ஆங்கிலேய அதிகாரிகளே இருந்தனர். ஓய்வுக்குப் பின் கட்டாரி பர்மாவில் இந்தியத் தூதராகவும் பணியாற்றினார். மாமனாரும் மருமகனும் ஒரே படையின் தலைமையை வெவ்வேறு காலங்களில் வகித்தது அரிய நிகழ்வாகும்.

தமிழர் பின்புலம் கொண்டவர்கள் தற்காலக் கடற்படைகளில் பெற்ற இடத்தைப் பற்றி நாம் மிகக் குறைவாகவே பேசுகின்றோம். கடற்படை என்றவுடன் 1025ஆம் ஆண்டின் கடாரப் படையெடுப்புக்கு ஓடிவிடும் பழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. இராசேந்திர சோழனுக்குப் பின் ஒன்பது நூற்றாண்டுகள் கடலில் தமிழரே இல்லை என்பது போன்ற ஒரு தோற்றம் இதனால் மாணவரிடையே உருவாகின்றது. அரச மலேசியக் கடற்படையின் தலைமையை 1967ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் முதன்முதலாக ஏற்ற மலேசியர், தமிழ் மரபினரான கே. தனபாலசிங்கம் என்பதையும், அப்போது அவருக்கு வயது 31 மட்டுமே என்பதையும் நம் மாணவர் எத்தனை பேர் அறிவர்? அவரைப் பற்றித் தனிக்கட்டுரையே தேவைப்படும் என்பதால் இங்கு இவ்வளவில் நிறுத்துகின்றோம்.

1971: முற்றுகைப் போர்

1971ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் தொடங்கி 16ஆம் நாள் முடிந்த போரில் இந்தியக் கடற்படையின் பங்கினைப் பேசுவோர் பெரும்பாலும் மேற்குக் கடலையே நோக்குவர். டிசம்பர் 4ஆம் நாள் இரவு சிறிய ஏவுகணைப் படகுகள் கராச்சித் துறைமுகத்தைத் தாக்கிய நிகழ்ச்சி, கதைபோல விரித்துரைக்கத் தக்கது. அந்நாளே இந்தியாவில் கடற்படை நாளாகவும் கொண்டாடப்படுகின்றது. கமாண்டர் நிலையில் இருந்த இராம்தாஸோ, இவ்வொளிக்கு எதிர்த்திசையில், வங்காள விரிகுடாவில் கிழக்குக் கடற்படையணியைச் சேர்ந்த ஐ.என்.எஸ். பியாஸ் என்னும் போர்க்கப்பலின் தலைவராக இருந்தார். அங்கு நடந்தது வேறு வகைப் போர். அதன் பெயர் முற்றுகை.

முற்றுகையின் பொருளை உணர அன்றைய நில அமைப்பை நினைவுகூர்தல் வேண்டும். பாகிஸ்தான் மேற்கு, கிழக்கு என இரு துண்டுகளாக இருந்தது. இடையே இந்திய நிலப்பரப்பு. கிழக்குப் பாகிஸ்தானில் இருந்த பாகிஸ்தான் படைக்கு ஆட்களும் ஆயுதங்களும் உணவும் கடல் வழியாகவோ வான் வழியாகவோதான் வர இயலும். போர் தொடங்கிய சில நாள்களிலேயே டாக்காவில் இருந்த பாகிஸ்தான் வான்படை செயலிழந்துவிட்டது. எஞ்சியது கடல். சிட்டகாங், காக்ஸ் பஜார், குல்னா, சால்னா ஆகிய துறைகளை அடைத்துவிட்டால் உள்ளே இருக்கும் படைக்கு வரவும் இல்லை, செல்லவும் இல்லை.

இவ்வடைப்பின் நடுவில் இருந்தது ஐ.என்.எஸ். விக்ராந்த் என்னும் விமானந்தாங்கிக் கப்பல். அதன் கொதிகலன் ஒன்றில் விரிசல் கண்டிருந்தமையால் முழு வேகத்தில் செல்ல இயலாத நிலை. அதனை மேற்குக் கடலுக்கு அனுப்பாமல் கிழக்கில் பயன்படுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம். விக்ராந்தைத் தேடி மூழ்கடிப்பதற்காகப் பாகிஸ்தான் அனுப்பிய காஸி என்னும் நீர்மூழ்கிக் கப்பல், டிசம்பர் 3ஆம் நாள் நள்ளிரவையொட்டி விசாகப்பட்டினத் துறைமுகத்துக்கு வெளியே தன் மாலுமிகள் அனைவருடனும் மூழ்கியது. அது மூழ்கிய காரணம் குறித்து இரு நாட்டினரும் இன்றுவரை வெவ்வேறு விளக்கம் தருகின்றனர். டிசம்பர் 4ஆம் நாள் காலை முதல் விக்ராந்தின் விமானங்கள் காக்ஸ் பஜார், சிட்டகாங் ஆகிய இடங்களைத் தாக்கின.

விக்ராந்துக்குத் துணையாகச் சென்ற கப்பல்களுள் ஒன்றே பியாஸ். பிரிட்டனில் கட்டப்பெற்று 1960இல் பணியில் சேர்ந்த அக்கப்பல், 4.5 அங்குலப் பீரங்கிகளைக் கொண்டது. அக்கால நீராவிக் கப்பல்களைப் போலன்றி டீசல் இயந்திரங்களால் இயங்கியது. அதனால் வேகம் சற்றுக் குறைவெனினும் எரிபொருள் நிரப்பாமல் நெடுந்தொலைவு கடலில் நிற்க இயலும். முற்றுகைக்கு வேண்டியது இத்தகைய பொறுமையான கப்பலே. கடலில் தென்படும் வணிகக் கப்பல்களை நிறுத்திச் சோதித்தல், தடைசெய்யப்பட்ட சரக்குகளைக் கண்டறிதல், கடற்கண்ணிகள் மிதக்கும் நீரில் கரையை நெருங்கிச் சென்று சுடுதல் ஆகியவை அதன் பணிகளாக இருந்தன. இரவும் பகலும் விழித்திருந்து, எதிரே வரும் கப்பல் பகையா, நடுநிலை நாட்டினதா, மீன்பிடிப் படகா என்று ஒவ்வொரு முறையும் முடிவெடுக்க வேண்டிய பொறுப்புக் கப்பல் தலைவருடையது. தவறிச் சுட்டால் குற்றமற்றவர் மடிவர். தவறி விடுத்தால் பகைவர் தப்புவர். சுடுவதைவிடச் சுடாமல் இருப்பதற்கே மிகுந்த தெளிவு வேண்டிய பணி இது என்பதை நாம் அழுத்திக் கூற விரும்புகின்றோம். பின்னாளைய இராம்தாஸின் பண்பு இப்பணியில் உருவானது என்று உறுதிபடக் கூறச் சான்றில்லை; ஆயினும் அப்பண்புக்கு மாறான எதையும் இப்பணி அவரிடம் கேட்கவில்லை.

போரின் இறுதிக் கட்டத்தில் பாகிஸ்தான் படையினர் பர்மாவுக்குத் தப்பிச் செல்வதைத் தடுக்கும் நோக்குடன் காக்ஸ் பஜார்க் கரையில் படையிறக்கும் முயற்சியும் நடைபெற்றது. அதே நாள்களில் அமெரிக்காவின் ஏழாம் கடற்படையணியைச் சேர்ந்த எண்டர்பிரைஸ் என்னும் அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பல், தன் துணைக் கப்பல்களுடன் மலாக்கா நீரிணை வழியே வங்காள விரிகுடாவினுள் நுழைந்தது. நம் வாயிற்படியைக் கடந்துதான் அது சென்றது. இந்தியாவை அச்சுறுத்தும் நோக்குடையதாகவே அவ்வருகை கருதப்பட்டது. ஆயினும் அது போரின் முடிவை மாற்றவில்லை. டிசம்பர் 16ஆம் நாள் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. ஏறத்தாழ 93,000 பேர் சிறைப்பட்டனர். வங்காளதேசம் பிறந்தது.

இப்போரில் பியாஸைத் திறம்படச் செலுத்தியமைக்காக இராம்தாஸுக்கு வீர சக்கர விருது வழங்கப்பெற்றது. இந்தியாவின் போர்க்கால வீர விருதுகளுள் பரம் வீர சக்கரம், மகா வீர சக்கரம் ஆகியவற்றுக்கு அடுத்த மூன்றாம் நிலையில் உள்ளது இவ்விருது.

தலைமைத் தளபதி

போருக்கு முன்னர்க் கொச்சியில் 1969இல் நிறுவப்பெற்ற கடற்படைப் பயிற்சிக் கழகத்தை உருவாக்கிய பணியும், போருக்குப் பின்னர் மேற்கு ஜெர்மனியின் பான் நகரில் இந்தியத் தூதரகக் கடற்படை அதிகாரியாக ஆற்றிய பணியும், தெற்கு, கிழக்குக் கடற்படைப் பிரிவுகளின் தலைமையும் அவருடைய படிப்படியான உயர்வைக் காட்டுவன. 1990ஆம் ஆண்டு நவம்பர் 30 முதல் 1993ஆம் ஆண்டு செப்டம்பர் 30 வரை கடற்படையின் தலைமைத் தளபதியாக விளங்கினார்.

இக்காலத்து நிகழ்ச்சிகளுள் இரண்டினை மட்டும் சுட்டுகின்றோம். இந்தியக் கடற்படையும் அமெரிக்கக் கடற்படையும் இணைந்து நடத்தும் மலபார் கடற்பயிற்சி 1992இல் முதன்முதலாக நடைபெற்றது. இருபத்தோர் ஆண்டுகளுக்கு முன் எண்டர்பிரைஸ் கப்பல் நுழைந்த அதே கடலில் காவல் நின்ற ஒருவர் தலைமையேற்றிருந்தபோது, அக்கப்பலை அனுப்பிய நாட்டுடன் கூட்டுப் பயிற்சி தொடங்கியது. பகை நிலையானதன்று என்பதைக் கடற்படையினர் தம் பணிக்காலத்திலேயே கண்டுணர்கின்றனர்.

மற்றொன்று மகளிர் சேர்க்கை. மருத்துவத் துறைக்கு அப்பால் இந்தியக் கடற்படையில் பெண்கள் அதிகாரிகளாகச் சேர்வது 1992இல்தான் தொடங்கியது. கல்வி, சரக்கு வழங்கல், சட்டம் ஆகிய பிரிவுகளில் குறுகிய காலப் பணிக்கு மட்டுமே அவர்கள் எடுத்துக்கொள்ளப்பட்டனர். இன்றைய நோக்கில் அது சிறிய கதவு. ஆயினும் அக்கதவின் வழியே நுழைந்த பெண்களின் நெடிய சட்டப் போராட்டத்தின் பயனாகவே, 2020ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம் கடற்படைப் பெண் அதிகாரிகளுக்கும் நிரந்தரப் பணி வழங்கப்படவேண்டும் எனத் தீர்ப்பளித்தது. கதவைத் திறந்தவர் உயிருடன் இருந்து அத்தீர்ப்பைக் கண்டார்.

எல்லைக்கு அப்பால் நீண்ட கை

ஓய்வு பெற்ற படைத்தலைவர் பலர் ஆளுநராகவோ தூதராகவோ பொறுப்பேற்பதைக் காண்கின்றோம். இராம்தாஸ் மகாராட்டிர மாநிலத்தில் அலிபாக்கை அடுத்த பைமாலா என்னும் சிற்றூரில் குடியேறி, இயற்கை முறையில் வேளாண்மை செய்யலானார். அவ்வூரிலிருந்தே அவருடைய பொதுவாழ்வு விரிந்தது.

1994இல் இந்தியாவையும் பாகிஸ்தானையும் சேர்ந்த அறிஞர், எழுத்தாளர், தொழிற்சங்கத்தினர் முதலியோர் கூடி, அமைதிக்கும் மக்களாட்சிக்குமான பாகிஸ்தான் இந்திய மக்கள் மன்றம் என்னும் அமைப்பை உருவாக்கினர். அரசுகள் பேச மறுக்கும்போது மக்கள் பேசிக்கொள்வது என்பதே இதன் அடிப்படை. முதற் கூட்டு மாநாடு 1995இல் தில்லியில் நடைபெற்றது. பின்னர் இரு நாட்டு நகரங்களிலும் மாறி மாறி மாநாடுகள் நிகழ்ந்தன. 1999இல் கார்கில் போர், 2001இல் இந்திய நாடாளுமன்றத் தாக்குதல் ஆகியவற்றால் உறவு முறிந்த காலத்தையும் தாண்டி, 2003இல் கராச்சியில் மீண்டும் கூடினர். கராச்சி என்னும் பெயர் இந்தியக் கடற்படை வரலாற்றில் பெறும் பொருள் வேறு. இம்மன்றத்தின் வரலாற்றில் பெறும் பொருள் வேறு. இம்மன்றத்தின் இந்தியப் பிரிவின் தலைவராக விளங்கினார் இராம்தாஸ்.

பாகிஸ்தான் பிரிவின் தலைவராக விளங்கியவர் இப்னு அப்துர் ரகுமான். இன்றைய அரியானாப் பகுதியில் 1930இல் பிறந்து, பிரிவினையின்போது பாகிஸ்தானுக்குச் சென்றவர், புகழ்பெற்ற இதழாளர், பாகிஸ்தான் மனித உரிமை ஆணையத்தை நெடுங்காலம் நடத்தியவர். இவ்விருவருக்கும் சேர்த்தே 2004ஆம் ஆண்டு மகசேசே விருது வழங்கப்பெற்றது. இணைத்து வழங்கியதில் ஒரு நுட்பம் உண்டு. ஒருவருக்கு மட்டும் வழங்கியிருந்தால் அவர் தம் நாட்டில் மாற்றாரின் ஆளாகக் கருதப்பட்டிருப்பார். 2021இல் ரகுமான் மறையும்வரை இருவரும் தத்தம் நாட்டு அரசுகளை வினவிக்கொண்டேதான் இருந்தனர்.

1998ஆம் ஆண்டு மே மாதத்தில் பொக்ரானில் இந்தியாவும் சாகாயில் பாகிஸ்தானும் அணுகுண்டுச் சோதனைகளை நடத்தின. இரு நாட்டுத் தெருக்களிலும் இனிப்பு வழங்கப்பட்ட அந்நாள்களில், அணுவாயுதம் வேண்டா என்று வெளிப்படையாகக் கூறிய முன்னாள் படைத்தலைவர் மிகச் சிலர். அவர்களுள் இராம்தாஸ் ஒருவர். 2000ஆம் ஆண்டு இறுதியில் உருவான அணுவாயுத ஒழிப்புக்கும் அமைதிக்குமான கூட்டமைப்பிலும் அவர் தொடர்ந்து ஈடுபட்டார். பனிப்போர்க் காலத்தில் அமெரிக்காவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் இடையே பெருங்கடல் இருந்தது. ஏவுகணையின் வருகை மெய்யா பொய்யா என்று சரிபார்க்கச் சிறிதளவேனும் நேரம் இருந்தது. தில்லிக்கும் இலாகூருக்கும் இடையே அந்நேரமும் இல்லை. எதிரே வருவது பகையா அன்றா என்று கப்பல் தளத்தில் நின்று முடிவெடுத்துப் பழகிய ஒருவருக்கு இவ்வேறுபாடு ஏட்டறிவாக மட்டும் இருந்திராது. பிற்காலத்தில் மகாராட்டிரத்தின் செய்தாப்பூர் அணுமின் நிலையத் திட்டத்தையும் அவர் எதிர்த்தார்.

மக்கள் மன்றம் முன்னெடுத்தவற்றுள் நம் கவனத்தை மிகவும் ஈர்ப்பது மீனவர் சிக்கலாகும். குசராத்துக்கும் சிந்துவுக்கும் இடையே உள்ள சர் கிரீக் என்னும் சதுப்புக் கழிமுகத்தில் இரு நாட்டு எல்லை இன்னும் வரையறுக்கப்படவில்லை. நிலத்தில் வரையப்படாத கோடு கடலிலும் வரையப்படாமல் நீள்கின்றது. மீனைத் தொடர்ந்து செல்லும் சிறுபடகு எக்கோட்டைத் தாண்டியது என்பதை அதில் இருப்பவர் அறியார். பிடிபட்டால் படகு பறிபோகும். மீனவர் ஆண்டுக்கணக்கில் அயல்நாட்டுச் சிறையில் வாடுவர். பாக்கு நீரிணையில் தமிழக மீனவர் படும் துன்பத்தை அறிந்த நமக்கு இதனை மிகுதியாக விளக்கத் தேவையில்லை. அங்கேனும் 1974, 1976 ஒப்பந்தங்களால் வரைந்த கோடு ஒன்று உண்டு. சர் கிரீக்கில் அதுவும் இல்லை. இம்மீனவரை விடுவிக்க வேண்டும் என்பது மன்றத்தின் இடைவிடாத கோரிக்கைகளுள் ஒன்றாக இருந்தது. கடலில் படகை நிறுத்திச் சோதிக்கும் அதிகாரத்தை ஒரு காலத்தில் கையில் வைத்திருந்தவர் தலைவராக விளங்கிய மன்றம், நிறுத்தப்பட்ட படகில் இருப்பவருக்காகப் பேசியது. இதனை ஊராண்மை என்று கூறாமல் வேறு எச்சொல்லால் குறிப்பது?

எதிர்ப்புகள்

இவருடைய பொதுவாழ்வு எதிர்ப்பின்றி நடந்தது என எண்ணலாகாது. படையின் உயர்நிலை இரகசியங்களை அறிந்த ஒருவர், பகை நாடாகக் கருதப்படும் நாட்டினருடன் மேடையில் அமர்வது முறையா என்று வினவினர். அவருடைய மகள்களுள் ஒருவர் பாகிஸ்தானியர் ஒருவரை மணந்திருந்ததையும் சிலர் சுட்டிக்காட்டினர். இவற்றுள் முதல் வினாவை நாம் எளிதில் ஒதுக்கிவிட இயலாது. படைத்துறை அரசியலுக்கு அப்பாற்பட்டு நிற்க வேண்டும் என்பது மக்களாட்சியின் அடிப்படை நெறி. சீருடை களைந்தபின்னும் அதன் நிழல் ஒருவர்மீது தங்கியே இருக்கும். அந்நிழலின் மதிப்பைக் கொண்டு பொதுச் சிக்கல்களில் கருத்துரைப்பது சரியா?

இராம்தாஸின் செயல்களை நோக்க, இவ்வினாவுக்கு அவர் கண்ட விடை ஒருவாறு புலப்படும். படையின் பெயரை ஒரு கட்சிக்கு ஆதரவாகப் பயன்படுத்துவதை அவர் எதிர்த்தார். 2019ஆம் ஆண்டு பிப்ரவரியில் புல்வாமாத் தாக்குதல், பாலாகோட் வான்தாக்குதல் ஆகியவற்றுக்குப் பின், படையினரின் செயல்களையும் படங்களையும் தேர்தல் பரப்புரைக்குப் பயன்படுத்துவதைத் தடுக்குமாறு தலைமைத் தேர்தல் ஆணையருக்கு மடல் எழுதினார். அதே ஆண்டு மே மாதம், முன்னாள் பிரதமர் இராசீவ் காந்தி 1987இல் ஐ.என்.எஸ். விராட் கப்பலைக் குடும்ப விடுமுறைக்குப் பயன்படுத்தினார் என்னும் குற்றச்சாட்டுத் தேர்தல் மேடையில் எழுந்தது. அந்நாளில் தெற்குக் கடற்படைப் பிரிவின் தலைவராகக் கொச்சியில் இருந்தவர் இராம்தாஸ். இலட்சத்தீவில் நடைபெற்ற தீவு மேம்பாட்டுக் குழுக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கவே பிரதமர் அக்கப்பலில் சென்றார் என்றும், கூறப்படுவது போன்ற கொண்டாட்டம் எதுவும் நிகழவில்லை என்றும் அவர் விரிவான அறிக்கை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 85. இவ்வறிக்கை எக்கட்சிக்கு ஆதாயம் தரும் என்று நோக்கினால் அவரை அரசியல்வாதி எனலாம். பொறுப்பில் இருந்தவர் தாம் அறிந்ததைக் கூறினார் என்று நோக்கினால், கப்பல் நாட்குறிப்பில் நடந்ததை நடந்தவாறு எழுதும் அதிகாரியின் கடமையே அது.

கட்சியுடன் அவருக்கு ஏற்பட்ட நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. 2012இல் தோன்றிய ஆம் ஆத்மி கட்சி, தன் உறுப்பினர் மீதான புகார்களை ஆராய உள்முறைக் கண்காணிப்பாளர் ஒருவரை நியமித்தது. லோக்பால் எனப்பட்ட அப்பொறுப்பை இராம்தாஸ் ஏற்றிருந்தார். கட்சியினுள் மக்களாட்சி முறை குன்றிவருவதை 2015இல் அவர் மடல் வாயிலாகச் சுட்டிக்காட்டினார். அவ்வாண்டு மார்ச் மாதத்திலேயே அப்பொறுப்பிலிருந்து மாற்றப்பட்டார்.

வகுப்பறையில் இராம்தாஸ்

நாட்டுப்பற்று, தன்னலமற்ற சேவை முதலிய தலைப்புகளில் மாணவருக்குக் கட்டுரைப் பயிற்சி அளிக்கும் ஆசிரியர்களுக்கு இவ்வாழ்க்கை நல்ல பாடமாக அமையும். ஆயினும் அதனைக் கையாள்வதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. சேவை என்னும் ஒரே சொல்லை நாம் படைப்பணிக்கும் பொதுநலப் பணிக்கும் பயன்படுத்துகின்றோம். படைப்பணியில் கட்டளைக்குக் கீழ்ப்படிதல் கடமை. பொதுநலப் பணியில் கட்டளையை வினவுதலும் கடமையாகலாம். இவ்வேறுபாட்டை மாணவரே கண்டறியுமாறு வினாக்களை அமைப்பது பயனுடையது. பியாஸ் கப்பலின் தலைவர் முற்றுகைக் கட்டளையை ஏற்றது ஏன், பைமாலா உழவர் அணுவாயுதக் கொள்கையை ஏற்காதது ஏன் என்று இரண்டையும் அடுத்தடுத்து வைத்து வினவலாம். இரண்டனுள் எது உயர்ந்தது என்று வினவுவது வீண்வேலை.

மீனவர் பகுதியையும் விட்டுவிடலாகாது. இந்தியாவும் பாகிஸ்தானும் 2008இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1, ஜூலை 1 ஆகிய நாள்களில் தத்தம் சிறைகளில் உள்ள மற்ற நாட்டவரின் பெயர்ப் பட்டியலைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். அப்பட்டியலில் பிற குடிமக்கள் ஒரு பிரிவாகவும் மீனவர் தனிப் பிரிவாகவும் இடம்பெறுகின்றனர். அவ்வெண்ணிக்கையைச் செய்தித்தாளில் கண்டு வகுப்பில் எடுத்துரைக்குமாறு மாணவரைப் பணிக்கலாம்.